லொரெல் கையெழுத்துப் போடாத கார்டு

"தூக்கமெல்லாம் எனக்கு நல்லாத்தான் வருது. தலையணையில தல பட்டாப் போதும், கட்டை மாதிரி கிடப்பேன்," என்றார் ஓரின்.

லொரெல் தூக்கத்தைப் பற்றி வாயே திறந்திருக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அண்ணனின் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"பேசாம இரு ஓரின். பேசினா பிரஷர் ஏறும்."

"சும்மா சொன்னேன். தூக்கத்தப் பத்திக் கேப்பாங்கன்னு பசங்க சொன்னாங்க."

பசங்க என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைகள். உடம்புப் பரிசோதனைக்குப் போகிற டிரைவருக்கு அங்கேதான் பாடம் நடக்கும். காலையில் காபி குடிக்காதே. பன்றி வறுவலைத் தொடாதே. வண்டியின் படுக்கையில் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்துவிட்டு உள்ளே போ. மயக்கம் உண்டா, நெஞ்சு வலி உண்டா, எது கேட்டாலும் இல்லை என்று சொல். "பொண்டாட்டி உண்டான்னு கேட்டாக்கூட இல்லைன்னே சொல்லிடு, எதுக்கு வம்பு" என்று ஒருவர் முடித்துவைப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

கிளினிக் ஜன்னலுக்கு வெளியே காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை இரும்பில் அடித்துக்கொண்டே இருந்தது. விடியற்காலையில்தான் சரக்கு இல்லாத ஒரு லாரியைப் புரட்டிப் போட்டிருந்தது. வையோமிங்கில் அது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயம் இல்லை.

ஓரின் மேசைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்ட உடம்பு தகுதி என்று காட்டும் அவருடைய பழைய கார்டு அந்த வாரக் கடைசியோடு செத்துவிடும். திங்கட்கிழமை பெட்ரோல் டேங்கரில் புது வேலை. லொரெல் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் இல்லை.

லொரெல் கோபர்ன் என்ற அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே ஐம்பதைத் தாண்டியவள். டாக்டர் எப்போதாவது தலைகாட்டும் கிளினிக்கில், மருந்து எழுதிக்கொடுக்க உரிமையுள்ள நர்ஸ். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள், பார்த்தாலே தெரியும். ஐஸ் கட்டியைக் கடலை மாதிரி கடித்துத் தின்பாள். கணவன் ஒருத்தன் இருந்தான், இப்போது அரிசோனாவில் வேறொருத்தியோடு இருக்கிறான். யாராவது அவனைப் பற்றி இழுத்தால், "அங்க வெயில் ஜாஸ்தி, பாவம்" என்பாள்.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாத காலம். ஓரின் படிப்பை விட்டுவிட்டு வைக்கோல் லாரியில் ஏறினார். அவளுக்குச் சோறு போட்டதும் நர்ஸ் படிக்க வைத்ததும் அந்த ஸ்டியரிங்தான். இன்றைக்கும் அவளைக் "குட்டி" என்றுதான் கூப்பிடுவார்.

அவள் இந்தக் கையெழுத்து வேலைக்கு வந்ததே ஒரு சாவினால்தான்.

அதற்கு முன்னால் ஊரில் டிரைவர்களுக்குக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தவர் முதுகெலும்பு வைத்தியர் பெல். அவருடைய பரிசோதனை ஒரு கைகுலுக்கலோடு முடியும். "இன்னும் உயிரோடதான இருக்க?" என்பார். ஆமாம் என்றால் கார்டு. ஒரு கோடைகால மத்தியானம், பெல் அப்படி அனுப்பிய ஜல்லி லாரிக்காரன் ஒருவன் பள்ளத்தாக்குச் சாலையில் கண் திறந்தபடியே மயங்கிப்போனான். சாலை வேலை நடந்துகொண்டிருந்த இடத்துக்குள் லாரி போய்விட்டது. கொடி பிடித்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த இளம்பெண்ணை லொரெல்தான் துணி போட்டு மூடினாள். கொடிக்கம்பை அந்தக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை. அதையும் சேர்த்தே மூடினாள்.

பெல்லின் பெயரை அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கார்டு வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், ஒரு நாள் சம்பளம் போய்விடும். டிரைவர்கள் லொரெலை விடவில்லை. காய்ச்சலுக்கு வந்தாலும் கையில் தையல் போட வந்தாலும் அதே பேச்சு.

"கார்டு குடுக்குறதுக்கான அந்தப் பரீட்சைய நீ எழுதிடேன் லொரெல். எங்களுக்குன்னு ஒருத்தி இருந்தா நல்லதுல்ல?"

"எழுதுவேன். ஆனா நான் பெல் இல்ல. பாக்குறதப் பாப்பேன்."

"பாரு, பாரு. எங்ககிட்ட பாக்க என்ன இருக்கு, தொப்பையத் தவிர."

வேலைக்குப் போகும் முன்னால் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். கண், காது, இதயம், சர்க்கரை. எந்த மாத்திரை சாப்பிடுகிறவன் ஓட்டலாம், எவன் கூடாது. ஓரின் ஊரில் இருக்கிற நாட்களில் டோனட் பொட்டலத்தோடு வந்து எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வி கேட்பார். அவளைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

"குட்டி, டிரைவருக்குக் காது கேக்குதான்னு எப்படிப் பாப்ப?"

"தள்ளி நின்னு கிசுகிசுன்னு பேசணும். நான் சொன்னத அவன் திருப்பிச் சொல்லணும்."

"ட்வைலா கிசுகிசுன்னு பேசினா எனக்கு ஒண்ணும் கேக்காது. அது நோயா?"

"அதுக்குப் பேரு கல்யாணம்."

ஒரு நாள் அவர் புத்தகத்தில் ஒரு பாடத்தை அப்படியே சேர்த்துத் தள்ளினார். "இது வேணாம், போரடிக்குது." அவர் போன பிறகு லொரெல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோயைப் பற்றிய பாடம் அது. தடித்த கழுத்து, பெருங்குறட்டை, ராத்திரி முழுக்கத் திணறல், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகல். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இதைவிட மோசமானது குறைவு, ஏனென்றால் தான் தூங்கியதே அவனுக்குத் தெரியாது என்று போட்டிருந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு ஐஸ் கட்டியைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஓரின் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் உள்ளே போனதும் ஓரின் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, ஏதோ சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிவிடுவார். "அண்ணன் வண்டிய ஓரங்கட்டிட்டார்" என்பார்கள். குறட்டை கூரையைத் தூக்கும். திடீரென்று நிற்கும். நின்றதும் பிள்ளைகள் எல்லாம் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். மறுபடி மூச்சு வெடித்துக்கொண்டு வரும்வரை எண்ணவேண்டும். எத்தனையில் வரும் என்று சரியாகச் சொன்னவனுக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் பெரிய துண்டு. ஓரினின் மகள் கெண்ட்ரா சின்ன வயதில் இதில் கெட்டிக்காரி. லொரெலும் எண்ணியிருக்கிறாள். நர்ஸ் படித்துவிட்டு வந்த பிறகும் எண்ணியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணவில்லை. கெண்ட்ராவுக்கு முதல் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பெண் குழந்தை, மெய்ஸி. ஓரின் தாத்தாவான நாளிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. காபிக் கடையில் வேலை செய்கிறவள் முதல் வழிப்போக்கன்வரை எல்லாரிடமும் படத்தைக் காட்டினார். "நகத்தப் பாருங்க. அரிசி மாதிரி இருக்கு, அதுல வெள்ளக் கோடு வேற இருக்கு. இவ்வளவு சின்னதுல யாரு கோடு போட்டது?" என்று கேட்பார். குழந்தை கொட்டாவி விட்டால் வீட்டில் எல்லாரும் அமைதியாக இருந்து பார்க்கவேண்டும். நாடு முழுக்க ஓட்டிய நெடுந்தூர லாரியை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் டேங்கர் வேலையைத் தேடிக்கொண்டதே அவளுக்காகத்தான். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், மெய்ஸியைத் தூக்கலாம்.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டார். பால் வாசனையோடு அது கவிழ்ந்து கிடந்தது. இருவரும் தூங்கிப்போனார்கள். அவருடைய மூச்சுக்கு அது மேலே ஏறியது, கீழே இறங்கியது. ஏறியது, இறங்கியது. கெண்ட்ரா போனில் படம் எடுத்தாள்.

பிறகு குழந்தை ஏறவில்லை.

பெரிய நெஞ்சின்மேல் அந்தச் சின்ன முதுகு அசையாமல் கிடந்தது. கூடத்தில் பையன்கள் எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணிக்கொண்டே போனார்கள். ஓரினின் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்ததை லொரெல் மட்டும் பார்த்தாள். அவள் எழுந்து இரண்டு அடி வைப்பதற்குள் அவர் உடம்பு தூக்கிப்போட்டு மூச்சு வந்தது, குழந்தை வீறிட்டது, எல்லாரும் கைதட்டினார்கள். ஓரின் கண்ணைத் திறந்து, "நான் தூங்கல" என்றார்.

பரீட்சை எழுத லொரெல் கேஸ்பர் நகரத்துக்குப் போனாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். தூக்கத்தைப் பற்றிய கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் சரியான விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதினாள்.

தேறிய செய்தி வந்த அன்றைக்குக் காபிக் கடையில் லாரி படம் போட்ட கேக் வெட்டினார்கள். வாங்கிவந்தவர் ஓரின்தான். "எங்க குட்டி," என்று எல்லாரிடமும் தோளைத் தட்டிச் சொன்னார். லொரெல் தன் துண்டைச் சாப்பிட முடியாமல் தட்டிலேயே வைத்திருந்தாள்.

இப்போது கிளினிக் அறையில் பட்டையைக் கழற்றினாள். அழுத்தம் அதிகம்தான், ஆனால் விலக்குகிற அளவுக்கு இல்லை. பின்னால் தள்ளிப் போய் நின்று கிசுகிசுத்தாள். "மெய்ஸி."

"மெய்ஸி," என்றார் ஓரின். முகமெல்லாம் சிரிப்பு.

"அரிசி நகம்."

"அரிசி நகம். நீ தூக்குறப்போ அவ அழறா, தெரியுமா? என்கிட்ட அழ மாட்டா."

அவள் முன்னால் வந்தாள். அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள். அவர் சிரிப்பு நின்றது. வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் விளக்கடித்தாள். உள்ளே மூச்சுப் போகும் வழியே தெரியவில்லை.

"குறட்டை உண்டா ஓரின்?"

"இல்ல."

"பகல்ல கண் அசருமா?"

"இல்ல."

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும்?"

ஓரின் சட்டையைப் போட ஆரம்பித்தார். "அது வீட்டுல. இங்க நான் டிரைவர், நீ நர்ஸ். டிரைவர் சொன்னத எழுது."

"நான் பாத்தத எங்க எழுதுறது?"

"எழுதாத."

"ஓரின், ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்குப் போ. மூச்சு விட ஒரு மாஸ்க் குடுப்பாங்க. அத மாட்டிக்கிட்டு ஒழுங்காத் தூங்கினா நானே கார்டு குடுக்கிறேன். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க."

"எத்தன நாள் ஆகும்?"

"சில வாரம்."

"திங்கட்கிழமை வேலை. முதலாளி ஹாகன் எனக்காகக் காத்திருக்க மாட்டான், வரிசையில ஆள் நிக்குது." பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டு மறுபடி கழற்றினார். "மூஞ்சில குழாய மாட்டிக்கிட்டுப் படுக்கணுமா? பேத்தி பாத்தா பயந்துடும். கையெழுத்துப் போடு குட்டி."

லொரெலின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தகுதியில்லை என்று மறுத்துவிடலாம். அல்லது, பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று போடலாம். மறுப்பு என்ற வார்த்தையை அண்ணன் பெயருக்கு எதிரே எழுத அவளுக்குக் கை வரவில்லை. நிறுத்திவைத்தாள்.

ஓரின் காகிதத்தைப் பார்த்தார். "நீ என் தங்கச்சியா, கவர்ன்மெண்டா?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. கதவைக் காற்று பிடுங்கிச் சுவரில் அடித்தது.

சனிக்கிழமை அண்ணி ட்வைலா கிளினிக்கின் பின் வாசலில் வந்து நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"கார்டு வந்திருச்சு. ரெண்டு வருஷத்துக்கு."

"எங்க?"

"நெப்ராஸ்கால. எல்லை தாண்டி ஒரு லாரி நிறுத்தத்துல ஒருத்தன் போடுறானாம். எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்னாராம். 'உனக்கு இதுக்கு முன்னாடி யாராவது கார்டு மறுத்தாங்களா'ன்னு கேட்டிருக்கான். அதுக்கும் இல்லன்னாராம்." ட்வைலா கொஞ்சம் சிரித்தாள். "'அது மட்டும் நெசம், குட்டி மறுக்கல, நிறுத்தித்தான வச்சா'ன்னு வீட்டுல வந்து சொல்றார்."

லொரெல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் மனசு கேட்காமல் விட்ட அந்தச் சின்ன இடைவெளியில் அவர் முழு லாரியையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப உனக்குச் சந்தோஷமா?"

ட்வைலா பின்னால் கதவைச் சாத்தினாள். "போன மாசம் லாரியில வலது பக்கக் கண்ணாடி இல்லாம வீட்டுக்கு வந்தார். ஓரத்துல இருந்த கம்பத்த எல்லாம் வரிசையா இடிச்சிருக்கார். காத்து தள்ளிருச்சுன்னார்."

"தள்ளியிருக்கலாம்."

"அன்னைக்குக் காத்தே இல்ல லொரெல். நான் துணி காயப்போட்டேன், ஒரு துணி அசையல." அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. அவர் ஓட்டலேன்னா என்ன செய்வார்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"



ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குச் சாலையில் போனாள். டேங்கர் போகப்போகிற வழி அது. வளைவுகள் முடிகிற இடத்தில் கீழே பள்ளிக்கூடம், அதற்கடுத்து கெண்ட்ரா வேலை செய்யும் கடை, கடையின் பின்னறையில் தொட்டிலில் மெய்ஸி. வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டியது. நர்ஸாக அவள் வாயைத் திறக்கக்கூடாது. பரிசோதனை அறையில் கண்டதை முதலாளியிடம் சொன்னால் கையெழுத்துப் போடும் உரிமை போகும், நர்ஸ் வேலையும் போகலாம். ஆனால் அந்த அறையில் அவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதானே சொன்னார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் பெட்ரோல் கம்பெனி முற்றத்துக்கு எதிரே அவள் வண்டி நின்றது. போனில் பேசவேண்டியதைப் பேசிவிட்டிருந்தாள். டேங்கர் நிரம்பி, என்ஜின் உறுமியபடி வாசலைப் பார்த்து நின்றது. ஓரின் புதுத் தொப்பி போட்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. அலுவலகத்துக்குள் போனார். போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. ஹாகன் தனியாக வெளியே வந்து, டேங்கருக்குள் ஏறி, என்ஜினை நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

கடைசியில் ஓரின் வந்தார். சாலையைக் கடக்கும்போது தொப்பியைக் காற்று எடுத்துக்கொண்டது, அவர் அதன் பின்னால் திரும்பவில்லை. அவள் வண்டி அருகே வந்து நின்றார். லொரெல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஹாகன் உன் பேரச் சொல்றான்," என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேங்கிறான். உன்னையே கேக்கச் சொல்றான். என்ன சொன்ன என்னப் பத்தி?"

லொரெல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காலையில் போனில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அவரிடம் சொன்னாள்.

"'நான் நர்ஸாப் பேசல, ஓரினோட தங்கச்சியாப் பேசுறேன். எங்க அண்ணன் உக்காந்த இடத்துல தூங்கிடுறான், தூங்கினா மூச்சு நிக்குது, முழிச்சதும் தூங்கவே இல்லைங்கிறான். அவன் பொய் சொல்லல, அவனுக்குத் தெரியாது. இன்னைக்கு அவனுக்குச் சாவி குடுக்காதீங்க. யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரச் சொல்லிடுங்க, வேற யார்மேலயும் அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது.'"